இருபத்திரண்டு சிகார்களின் நோட்டு

தெம்பனிஸ்
6 ஏப்ரல் 2025

மயூரன்,

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் குழம்பியிருப்பீர்கள். போனில் உங்களை பிளாக் செய்திருக்கிறேன். நான் நாலு பத்தி எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவீர்கள். காகிதத்தில் அந்த வசதி கிடையாது, வாக்கியம் எழுதித்தான் ஆக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளிடம் நான் மன்றாடுவதும் இதற்குத்தான்.

வினுஷா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா எத்தனை நாள் இருப்பாள் என்று அவள் கேட்கவில்லை. அவள் கணவர் கேட்க நினைத்து, ஒவ்வொரு முறையும் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

புதன்கிழமை உங்கள் மேசை இழுப்பறையில் நான் தேடியது கிளினிக் படிவத்தை. அதற்கு மேலே கிடைத்தது ஒரு கறுப்பு நோட்டு. இரண்டையும் கையோடு எடுத்து வந்துவிட்டேன். யாராவது பெண்ணின் கடிதம் என்றால்கூட இவ்வளவு திகைத்திருக்க மாட்டேன். அது சிகார் நோட்டு. அக்டோபரிலிருந்து இருபத்திரண்டு சிகார், வரிசை எண் போட்டு.

“எண் 7. முதல் பாதியில் வேர்க்கடலைத் தோல் வறுத்த மணம். நடுவில் கசப்பு, ஆனால் வேண்டாத கசப்பு இல்லை.”

“எண் 12. மிளகு நேராக மூக்கில் ஏறுகிறது. பிடிக்கவில்லை. இனி வாங்கக் கூடாது.”

பிடிக்கவில்லை! அந்தச் சொல்லை உங்கள் கையெழுத்தில் முதல்முறையாகப் பார்த்தேன். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் என் கத்தரிக்காய்க் குழம்புக்கு நீங்கள் சொன்னது ‘நல்லா இருக்கு’. உப்புப் போட மறந்த அன்றும் நல்லா இருக்கு. திரைச்சீலை என்ன நிறம், எந்த மாடியில் வீடு, விடுமுறைக்கு எங்கே, எதைக் கேட்டாலும் ‘ஏதாவது, உனக்குப் பிடிச்சா சரி’. எதிலும் பிடிமானம் இல்லாத சாது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சாது ஒரு புகையிலைச் சுருளின் இரண்டாம் பாதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் நம்முடைய கருக்கள் இரண்டு உறைநிலையில் இருக்கின்றன. தொடர்வதா, கைவிடுவதா என்று இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்களிடம் கேட்டேன். “உன் இஷ்டம் தர்ஷினி. எங்க சைன் பண்ணணும்னு மட்டும் சொல்லு” என்றீர்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்.

இருபத்திரண்டு சிகாருக்கு அபிப்பிராயம் வைத்திருக்கும் மனிதருக்கு இதற்கு ஒன்று இல்லையா? உங்களுக்குப் பிள்ளை வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லும்வரை நான் ஈசூனுக்கு, நம் வீட்டுக்கு, வரமாட்டேன்.

சிவதர்ஷினி


ஈசூன்
9 ஏப்ரல் 2025

தர்ஷினி,

மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். என் தமிழைத் திருத்த சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதே.

மறைத்தது தப்பு. ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். அக்டோபரில் அந்தத் தெம்பனிஸ் அலுவலகக் கட்டடத்தின் ஏர்கான் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்ததல்லவா, அன்று டைரக்டர் ஓங் என்னைத் தன் கிளப்புக்குக் கூட்டிப்போனார். திறந்த மாடியில் உட்காரவைத்து ஒரு சிகாரை நீட்டினார். சிகரெட்டே பிடிக்காத எனக்கு அதன் எந்தப் பக்கத்தை வெட்டுவது என்றுகூடத் தெரியாது. புகையை வாயில் வைத்திருந்து விட்டுவிட வேண்டும். நான் நெஞ்சுக்குள் இழுத்துவிட்டேன். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “வெரி நைஸ், பாஸ்” என்றேன். நைஸ் என்று சொன்னதால் அடுத்த வாரமும் கூப்பிட்டார்.

அவர் பேசுவது புரிய வேண்டுமே என்று இணையத்தில் படித்தேன். தோல் மணம், தேவதாரு மணம் என்று போட்டிருந்தது. தேவதாருவை நான் எங்கே கண்டேன்? நோட்டின் முதல் ஆறு பக்கமும் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியது. ஏழாவதில்தான் எனக்கே வேர்க்கடலைத் தோல் தெரிந்தது. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வேண்டுமானால் விட்டுவிடுகிறேன். மிச்சமிருக்கும் நாலையும் நாளைக்கே குப்பையில் போடுகிறேன்.

படிவத்தைப் பற்றி. ஊசி போட்டுக்கொள்வது நீ. வலி உனக்கு, வயிறு வீங்குவது உனக்கு. அப்படியிருக்க எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று நான் எந்த வாயால் சொல்வது? உன்மேல் எதையும் திணிக்கக் கூடாது என்றுதான் உன் இஷ்டம் என்றேன். அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டாய்.

அம்மா போன் செய்தார். நீ தேர்வுத்தாள் திருத்தப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். “எத்தன நாளைக்கு லா திருத்துவா?” என்கிறார். சீக்கிரம் வா.

மயூரன்


தெம்பனிஸ்
12 ஏப்ரல் 2025

மயூரன்,

உங்கள் கடிதத்தில் சிகாருக்கு மூன்று பத்தி, பிள்ளைக்கு ஒன்று. அந்த ஒன்றிலும் பதில் இல்லை. சிகாரை விடச் சொல்லி நான் எங்கே கேட்டேன்? கேட்காததைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்டதிலிருந்து நழுவுவது உங்களுக்குக் கைவந்த கலை.

நோட்டை முழுதாகப் படித்துவிட்டேன். முதலில் தேதிகளைக் கவனிக்கவில்லை, இப்போது கவனித்தேன். 17 ஜனவரி. 24 ஜனவரி. 28 ஜனவரி. பிப்ரவரியில் இரண்டு. பிப்ரவரி பதினொன்றாம் தேதி தைப்பூசம்.

நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தோம். பாயில் படுத்தோம். பள்ளியில் சக ஆசிரியைகள் சிக்கன் ரைஸ் சாப்பிட, நான் டப்பாவில் தயிர்சோறு கொண்டுபோனேன். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு, மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாய், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை தலையில் பால்குடம் தூக்கி நடந்தோம். பக்கத்தில் நடந்தவர் அந்த நாற்பத்தெட்டு நாளுக்குள் ஐந்து முறை புகைத்துவிட்டு, அதற்குக் குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார். இருபதாம் தேதி கரு வைத்தார்கள். மார்ச் ஐந்தாம் தேதி இல்லை என்றார்கள். உங்கள் புகையால்தான் இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அன்று நான் குளியலறையில் உட்கார்ந்து, நான் செய்த விரதத்தில் எங்கே குறை என்று தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவுக்கு வெளியே நின்றீர்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இனி என்ன ஒளிப்பது. பால்குடத்தோடு டோபி காட் பக்கம் வரும்போது நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். குடம் ஆடியது, நீங்கள் பிடித்தீர்கள். ஏன் திருப்பினேன் என்று கேட்கவில்லை. அந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தில்தான், 2023 ஆகஸ்டில், கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்தில் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. எஸ்கலேட்டர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜனங்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். நீங்கள் என் பையை வாங்கிக்கொண்டு கேட்டீர்கள்: “ஆஸ்பத்திரிக்கா, வீட்டுக்கா? நீ சொல்றபடி செய்யலாம்.”

நான் சொன்னபடி! ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது எங்கே போவது என்று நான்தான் முடிவு செய்தேன். டாக்சியை நான்தான் கூப்பிட்டேன். உங்கள் ‘உன் இஷ்டம்’ எனக்கு என்ன செய்தது என்று இப்போதாவது தெரிகிறதா? அது என்னைத் தனியாக விட்டது. அதை மரியாதை என்று இனி எழுதாதீர்கள்.

இன்னும் பதினெட்டு நாள். மறுபடி மழுப்பினால், படிவத்தை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, இங்கே பக்கத்தில் வாடகைக்கு அறை பார்க்கப் போகிறேன். மிரட்டல் இல்லை. ஒன்றைப் போய்ப் பார்த்தும்விட்டேன்.

சிவதர்ஷினி


ஈசூன்
17 ஏப்ரல் 2025

தர்ஷினி,

டோபி காட் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொட முடியவில்லை. அன்று நான் பயந்துபோனேன். தப்பான இடத்தைச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விழுமே என்று பயந்து, அதை உன் தலையில் வைத்தேன். நடந்தது அதுதான்.

விரதத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்கிறேன். ஜனவரி பதினேழாம் தேதி டைரக்டர் நீட்டினார், மறுக்க வாய் வரவில்லை. மற்ற நாலு முறையும் யாரும் நீட்டவில்லை. நானாக ஆசைப்பட்டுப் போனேன். முருகனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பால்குடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அந்த ஆசையைப் பற்றிச் சொல்லாமல் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. பொறுமையாகப் படி.

லிட்டில் இந்தியாவில் டன்லப் ஸ்திரீட் பக்கம் அப்துல் கையூம் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். நம் வயதுதான். நவம்பரில் முதல்முறை போனேன். இங்கே சட்டப்படி சிகாரை வெளியில் அடுக்கிவைக்கக் கூடாது, எல்லாம் மூடிய அலமாரிக்குள். பெட்டிகளும் ஒரே சேற்று நிறம், மேலே அழுகிய காலின் படம், பெயரெல்லாம் ஒரே எழுத்தில். எது உசத்தி, எது மட்டம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை. “ஏதாவது ஒண்ணு குடுங்க” என்றேன். அவர் அலமாரியைத் திறக்கவே இல்லை. “ஏதாவதுன்னு ஒரு சரக்கு நம்மகிட்ட இல்ல அண்ணே. காட்டமா வேணுமா, மெதுவா வேணுமா, எதாச்சும் சொல்லுங்க” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். “அப்ப பிடிக்காதத சொல்லுங்க” என்றார். டைரக்டர் தருவது பிடிக்கவில்லை, நெஞ்சில் அடிக்கிறது என்று சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வியர்த்துப்போய் நின்றேன்.

அவர் வெளிறிய இலை சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். இங்கே ஈசூனில் புகைப்பதற்கென்று கட்டிவிட்டிருக்கும் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் சிகரெட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவார்கள். சிகார் முடிய முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒரே கேள்விதான்: உனக்கு இது பிடித்திருக்கிறதா? யார் முகத்தையாவது பார்த்துப் பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. நாற்பத்து மூன்று வயதில், தர்ஷினி, என்னிடம் நானே அதைக் கேட்டது அதுதான் முதல்முறை. வேர்க்கடலைத் தோல் மணத்தது. பிடித்தது. பிறகு ஒவ்வொன்றாய்த் தெரிந்தது: எனக்குக் காட்டம் ஆகாது, இனிப்பு பூசியது ஆகாது, மெலிந்து நீண்டதைவிடக் குட்டையானது பிடிக்கும், கடைசி ஒரு அங்குலத்தைக் குடிக்கக் கூடாது. இவ்வளவும் அற்ப விஷயம்தான். ஆனால் எல்லாம் என்னுடையது.

போன வெள்ளிக்கிழமை கிளப்பில் டைரக்டர் தன் பெட்டியிலேயே விலை கூடினதை எடுத்துக் கொடுத்தார். கறுத்த இலை, எனக்குத் தெரிந்ததுதான். கால் பங்கு குடித்துவிட்டு சாம்பல் கிண்ணத்தில் வைத்தேன். “சாரி பாஸ், எனக்கு இது பிடிக்கலை, எனக்கு மைல்ட்தான்” என்றேன். அவர் சிரித்தார். மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வெள்ளிக்குக் கிளப்புக்குக் கூப்பிடும் பட்டியலில் என் பெயர் இல்லை. போகட்டும்.

இப்போது நீ கேட்டது.

எனக்குப் பிள்ளை வேண்டும்.

உனக்காக இல்லை, அம்மாவுக்காக இல்லை. எனக்கு வேண்டும். ஆரம்பத்திலிருந்தே வேண்டும். நான் சொல்லிவிட்டால் ஒவ்வொரு ஊசியும் எனக்காகப் போட்டதாகிவிடும், அந்தக் கனத்தை என்னால் சுமக்க முடியாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

மயூரன்


தெம்பனிஸ்
21 ஏப்ரல் 2025

மயூரன்,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வினுஷா கதவைத் தட்டி, “அக்கா, ஓகேதானே?” என்று கேட்டாள். ஓகே இல்லை.

நான் எதிர்பார்த்தது ‘போதும்’ என்ற சொல்லை.

அதை நீங்கள் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். போதும் தர்ஷினி, உன் உடம்பு படுவது போதும், நாம் இரண்டு பேரும் இருப்போம் என்று. ஒருநாள் சொல்லுவீர்கள் என்று ஒவ்வொரு ஊசியையும் போட்டுக்கொண்டேன். முடித்துவைத்தவள் நான் என்று ஆகக் கூடாது என்ற சுயநலம். உங்கள் அம்மா என்னைப் பார்க்கும்போது, என் மகன் ஆசைப்பட்டான், இவள் மறுத்துவிட்டாள் என்று நினைக்கக் கூடாது என்ற பயம். பாருங்கள், உங்களைக் கோழை என்று இத்தனை பக்கம் எழுதியவள் செய்த காரியத்தை.

நீங்களோ வேண்டும் என்றுவிட்டீர்கள். படித்ததும் கோபம் வரவில்லை. பயம் வந்தது. பிறகு வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது, இந்த மனிதருக்கும் ஒன்று வேண்டியிருக்கிறதே என்று.

என் பதிலை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு வேண்டாம். பிள்ளையை வெறுத்துச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உயிரைக் கொடுத்து ஆசைப்பட்டேன், அது எனக்குள் தீர்ந்துவிட்டது. மறுபடி அந்த மேசையில் படுக்க என்னால் முடியாது. மறுபடி பதினான்கு நாள் காத்திருக்க முடியாது. ரயிலில் ஒவ்வொரு முறையும் எழுந்ததும் இருக்கையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பெண்ணாக இருக்க முடியாது. எனக்கு முப்பத்தொன்பது வயது. என் உடம்பு எனக்குத் திரும்ப வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்? பதினொரு வருடத்தில் முதல்முறையாக நாம் எதிரெதிரே நிற்கிறோம், கையில் ஒன்பது நாள்தான் இருக்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு கட்டம் இருக்கின்றன, தொடர்வதற்கு ஒன்று, கைவிடுவதற்கு ஒன்று. நான் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. நான் வேண்டாம் என்றேன் என்பதற்காக நீங்கள் உடனே போட்டு அனுப்பினால் அதைக் கிழித்துப் போடுவேன். நீங்கள் எதை இழக்கிறீர்கள் என்று முதலில் எனக்கு எழுதுங்கள். உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன் என்றே தெரியாமல் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தர்ஷினி


ஈசூன்
24 ஏப்ரல் 2025

தர்ஷினி,

எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

சின்ன அறையில் ஏர்கான் தப்பான சுவரில் இருக்கிறது என்று ஆறு வருடமாகத் திட்டுகிறாய். உன் மேசைக்குக் காற்றே வராமல் எதிர்ப்பக்கம் அடிக்கிறது, இதுதான் ஏர்கான் என்ஜினியர் வீட்டு லட்சணமா என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய். நான் தவறிப் போட்டுவிட்டேன் என்று சிரித்து மழுப்பினேன். தவறவில்லை. ஜன்னல் பக்கம் தொட்டில் வரும், அதன் மேல் நேராகக் குளிர் இறங்கக் கூடாது என்று அளந்துதான் போட்டேன். வீடு புதுப்பித்தபோது நான் சொன்ன ஒரே யோசனை அது. அதையும் காரணம் சொல்லாமல் செய்தேன்.

மகள் என்று நினைத்திருந்தேன். ஏன் என்று தெரியாது. உன்னைப் போலச் சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். காலையில் பேருந்துக்கு நிற்கும்போது பள்ளிக்கூடப் பையைச் சுமக்கும் அப்பாக்களைப் பார்ப்பேன். அந்தப் பை என்ன கனம் இருக்கும் என்று ஒருநாள் வினுஷாவின் பிள்ளையின் பையைத் தூக்கிப் பார்த்தேன். நாலரைக் கிலோ இருக்கும். டோபி காட் நாளுக்கு அடுத்த வாரம் வேலைத்தளத்தில் குளிரூட்டி இயந்திர அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே இரைச்சல் அதிகம், வெளியே கேட்காது. நீ படுக்கையில் கிடக்கும்போது நானும் அழுதுகொண்டு வந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நீ அதை எனக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டாய். வேறு எப்படி எடுத்துக்கொள்வாய்?

நான் இழப்பது இதுதான். எழுதும்போது வலிக்கிறது. உன்மேல் கோபமும் வருகிறது, அதையும் மறைக்கவில்லை. உனக்கு இந்த ஆசை எந்த மாதத்தில் தீர்ந்தது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒருநாள் முழுக்க மனசுக்குள் உன்னோடு கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு கூண்டுக்குப் போய் உட்கார்ந்தேன். சிகாரைப் பற்றவைக்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிள்ளை வேண்டும். அதற்காக நீ மறுபடி அந்த மேசையில் படுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம். இரண்டுமே உண்மையாக இருந்தன. எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் எதுவும் மாறவில்லை.

படிவத்தில் கைவிடும் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிழித்துப் போடாதே. நீ சொன்னதால் போட்டது இல்லை. உன் உடம்பைக் கேட்டு வாங்கி வரும் பிள்ளை எனக்குப் பிடிக்காது. என்ன கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுக்கிறேன்.

சிகாரை விட மாட்டேன். மாதத்துக்கு ஒன்று, வீட்டுக்கு வெளியே. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மயூரன்


தெம்பனிஸ்
27 ஏப்ரல் 2025

மயூரன்,

படிவம் வந்தது. கிழிக்கவில்லை.

முப்பதாம் தேதி, புதன்கிழமை, மூன்று மணிக்குக் கிளினிக்கில் நேரம் வாங்கியிருக்கிறேன். அரைநாள் விடுப்பு எடுங்கள். என் கையெழுத்தை இங்கே வினுஷாவின் சாப்பாட்டு மேசையில் போட மாட்டேன், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போடுகிறேன். அங்கிருந்து நேரே ஈசூனுக்கு வருகிறேன். உங்கள் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய்ச் சொல்லலாம். பேச்சை நீங்கள் தொடங்குங்கள், திணறினால் நான் சேர்ந்துகொள்கிறேன். நீங்கள் எழுதிய கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அதை நேரில் கேட்கிறேன்.

அந்த ஆகஸ்டில் என்னைப் பார்க்க யார் யாரோ வந்தார்கள். வினுஷா, உங்கள் அம்மா, பள்ளி ஆசிரியைகள், மூன்றாம் மாடி ரஷீதா கஞ்சி வைத்துக்கொண்டு. எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் கதவைத் திறந்துவிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்து, செருப்புகளை ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளை போனது உங்களுக்கும்தான் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடம் தாமதமாகத் துக்கம் விசாரிக்க வருகிறேன், மயூரன். உங்களை.

தர்ஷினி